வைரவர் கடைசிவரை குடித்த சுருட்டு

விளாம்பிசின் ஐப்பசி முடியமுதலே தீர்ந்துபோனது. கோடை முழுவதும் ஞானமலர், மகள் டிலுசாவையும் கூட்டிக்கொண்டு காட்டோரம் போய், விளாமரப் பட்டைகளில் தேன் நிறத்தில் உறைந்து நின்ற பிசினைக் கத்தி நுனியால் கிளப்பிக் கிளப்பி ஒரு பால்மா ரின் நிறையச் சேர்த்திருந்தாள். தை பிறக்கும்வரை காணும் என்று நினைத்திருந்தாள். மழை தொடங்கிவிட்டால் மரத்தில் பிசின் நிற்காது. நின்றாலும் கரைந்து பட்டையோடு வழிந்து போய்விடும்.

சுருட்டுக்கு விளாம்பிசினைப் போல ஒன்று இல்லை. ஒரு சிரட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் விடிய எழும்பும்போது பதமாக இளகி நிற்கும். மணமில்லை. உதட்டில் பட்டால் கசப்பில்லை. மேலிலையைச் சுற்றி முடிக்கிற இடத்தில், வாய் வைக்கிற நுனியில், ஒரு சொட்டுத் தொட்டு வைத்துப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தினால் போதும்.

அது முடிந்த பிறகு கைக்கு எட்டியதையெல்லாம் அவள் காய்ச்சிப் பார்த்தாள். வேப்பம்பிசின் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் முதல் இழுவையிலேயே ஆட்கள் காறித் துப்பினார்கள். முருங்கைப்பிசின் சளி மாதிரி இழுபட்டது. நறுவிலிப் பழத்துச் சாற்றால் ஒட்டிய அன்று, பெட்டி முழுக்க எறும்பு. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒட்டியது காயும்போது வெடித்து இலையையும் கிழித்துக்கொண்டு வந்தது. கோதுமை மா எப்போதாவது நிவாரணத்துக்கு வந்தால்தான். வந்த மாவை ரொட்டியாக்காமல் பசையாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருமுறை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கை மாவை எடுத்தாள். மூன்றாம் நாள் சுருட்டு நுனியெல்லாம் பச்சையாய்ப் பூஞ்சணம் பூத்திருந்தது.

தொண்ணூற்றாறு ஆடிச் சண்டையில் முல்லைத்தீவுக் கரையை விட்டு எழும்பி, இரண்டு உரப்பையும் ஒரு அந்தோனியார் படமுமாக முத்தையன்கட்டு இடதுகரைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவளுடையது. கனகலிங்கத்தாரின் மேட்டுக்காணி மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. இடம் கேட்டுப் படலையில் நின்றபோது "வாரும் பிள்ளை, மழைக்குள்ள நிக்காதையும்" என்று முதலில் சொன்னது கனகலிங்கத்தாரின் மனைவி அன்னபாக்கியம்தான். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து முப்பது வருடமாக நெல் விதைத்து, மேட்டில் வெங்காயமும் புகையிலையும் வைத்துச் சீவிப்பவர்கள். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கனகலிங்கத்தார் மீன் தின்கிறவர் வீட்டில் தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் ஞானமலரிடம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவளும் அதற்கேற்ப நடந்துகொண்டாள். காற்று வீட்டுப் பக்கம் வீசுகிற நேரத்தில் மீன் சட்டி அடுப்பில் ஏற்றமாட்டாள். கணவன் ஸ்ரனிஸ்லஸ் முள்ளிவாய்க்காலில் ஒரு சம்மாட்டியாரின் வள்ளத்தில் ஆளாக நின்று, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கருவாட்டுச் சாக்கோடு சைக்கிளில் வருவான். அந்தச் சாக்கைக் கொட்டிலின் பின்பக்கம் கட்டித் தூக்குவாள். சுருட்டுச் சுற்ற உட்காரும்போது கையைச் சாம்பலால் தேய்த்து, தேசிக்காய்ப் பாதியால் இன்னொருமுறை தேய்த்துக் கழுவுவாள்.

கரையில் இருந்த காலத்தில் கணவனுக்காகச் சுற்றிப் பழகியது அது. கடைச் சுருட்டு வாங்கிக் கட்டாது என்று இலை வாங்கிவந்து வீட்டில் சுற்றினாள். அன்னபாக்கியம் அதை ஒருநாள் பார்த்துவிட்டு, "உந்தக் கையை வைச்சுக்கொண்டோ மலர் கூலி வேலைக்குப் போறீர்?" என்றாள். இலை அன்னபாக்கியத்துடையது. கை ஞானமலருடையது. சந்தியில் கடை வைத்திருந்த தவராசா வாங்கி விற்றார். மற்றவர்கள் நுனியை நாக்கால் நக்கி ஒட்டுவார்கள், எங்கள் வீட்டுச் சுருட்டில் எச்சில் படாது, சுத்தச் சைவம் என்று அன்னபாக்கியம் சொல்லியே அதற்குப் பெயர் வந்தது.

"உம்மட கையில மீன் மணமே இல்லை" என்று ஒருநாள் அன்னபாக்கியம் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துச் சொன்னாள். அன்று முழுவதும் ஞானமலருக்கு நிலத்தில் கால் பாவவில்லை. நெடுங்காலத்துக்குப் பிறகுதான், தன் அப்பாவின் கையும் அம்மாவின் கையும் மணத்த மணத்தை ஒருத்தி இல்லை என்று சொன்னதற்காகத் தான் அவ்வளவு சந்தோசப்பட்டதை நினைத்து அவளுக்குக் கூசியது.

கார்த்திகை நடுவில் ஒரு பின்னேரம், தூறலுக்குள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அன்னபாக்கியம் கொட்டிலுக்குள் குனிந்து வந்தாள். கையில் ஓலைப்பெட்டி.

"இதைப் பாரும் மலர். தவராசா அண்ணை பெட்டியோட திருப்பி அனுப்பியிருக்கிறார். இது சுருட்டோ வாழைப்பூவோ எண்டு கேக்கிறாராம்."

பெட்டிக்குள் சுருட்டுகள் நுனி அவிழ்ந்து மடல் மடலாக விரிந்து கிடந்தன.

"நானும் என்ன செய்யிறது அக்கா? வெயில் எண்டு ஒண்டு இல்லை. எதைப் போட்டாலும் காயுதில்லை."

"நத்தார், புதுவருசம், பேந்து பொங்கல். இப்ப விட்டால் அந்த மனிசன் வேற ஆரிட்டையும் எடுக்கத் தொடங்கிடும். பேந்து நாங்கள் சுத்தி நாங்களே குடிக்கவேண்டியதுதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில்தான் ஞானமலருக்கு வாய் தவறியது. தன் அப்பா இன்னாசித்தம்பி, தங்கள் கோயிலில் அந்தோனியாரின் மரச்சுருவத்தின் ஒடிந்த விரலை மீன் பசையால் ஒட்டியதையும், கடல் காற்றிலும் உப்பிலும் இருபது வருடம் அந்த விரல் அசையாமல் நின்றதையும் சொன்னாள். கெளிற்று மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை எடுத்துக் காயவைத்து, ஊறவைத்து, மெல்லிய சூட்டில் இளக்கினால் அந்தப் பசை வரும். ஈரமோ மழையோ பாராது. வைத்த கையோடு பிடிக்கும்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. "சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் அக்கா" என்று அவசரமாகச் சொன்னாள்.

அன்னபாக்கியம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது மணக்குமோ?"

"காய்ஞ்சால் மணக்காது."

"எரிஞ்சால்?"

"எரிஞ்சால் மணக்கும். மயிர் பொசுங்கின மாதிரி." ஞானமலர் சிறிது யோசித்தாள். "ஆனால் பசை வாய்ப்பக்க நுனியிலதானே அக்கா. நெருப்பு அதுவரைக்கும் வர ஆரும் குடிக்கமாட்டினம். அடிக்கட்டையை எறிஞ்சிடுவினம்."

"அதுதானே. உதடு சுடும்வரைக்கும் ஆர் இழுக்கப் போகினம்?"

"உங்கட வீட்டில அண்ணைக்குச் சைவமெல்லோ அக்கா. அவரும் குடிக்கிறவர்."

"அந்த மனிசன்ர வாய்க்குள்ள போறது எல்லாம் முப்பது வரியமா நான் பாத்துக் குடுக்கிறதுதான். விழுங்கவே போறார்? புகைதானே." அன்னபாக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். மூண்டாம் ஆளுக்கு வேண்டாம். நீர் ஒண்டும் யோசியாதையும்."

அடுத்த முறை ஸ்ரனிஸ்லஸ் வந்தபோது, வெண்மையும் மஞ்சளுமாகக் காய்ந்து சுருங்கிய காற்றுப்பைகள் ஒரு சின்னப் பொட்டலத்தில் வந்தன. "சைவச் சுருட்டுக்குக் கெளிறோ?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஞானமலர் அவனுடைய வாயைப் பொத்தினாள்.

பசை இளகிய அன்று அன்னபாக்கியம் பக்கத்தில் குந்தியிருந்தாள். சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமலே சுட்டுவிரலை விட்டுத் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துப் பார்த்தாள். விரல்கள் பிரிய மறுத்தன. "அம்மாடி" என்று சிரித்துக்கொண்டே கையை உதறினாள். ஞானமலர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை உடைத்த வீட்டில் அடுப்பு மூட்டாத மனிசி, எனக்காக இதைத் தொட்டாள் என்று நினைத்தாள். கரையை விட்டு எழும்பிய நாளிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த நேரம் கொஞ்சம் தளர்ந்தது. இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று அவள் தனக்குள் முதல்முறையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த மாரி முழுக்க ஒரு சுருட்டும் அவிழவில்லை. தவராசா மேலும் கேட்டார். ஒட்டுசுட்டானிலிருந்து ஆள் விட்டார்கள். கனகலிங்கத்தார் சாய்மனைக் கதிரையில் இருந்து புகையை விட்டபடி, "பிள்ளை, இந்த முறை சுருட்டு நல்ல இறுக்கம்" என்றார். ஞானமலர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் மட்டும் குற்றம் செய்கிறோமோ என்று தோன்றும். அக்காவுக்குத் தெரிந்துதானே என்று நினைத்தவுடன் அது அடங்கிவிடும்.

தை பிறந்து, வயல் வெட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வைரவருக்கு மடை, வருடப் படையல். வாய்க்கால் ஓரத்து மருதின் கீழ் ஒரு சூலமும் இரண்டு கல்லும். அவ்வளவுதான் அந்த வைரவர். அவருக்கு மச்சம் படைப்பதில்லை. பொங்கல், வடைமாலை, வெற்றிலை பாக்கு, கடைசியாகப் பற்றவைத்த சுருட்டு ஒன்று. கடைக்காரத் தவராசாதான் மடை பரவுகிறவரும். கனகலிங்கத்தார் வீட்டிலிருந்து தானே தெரிந்தெடுத்துக் கொண்டுவந்த சுருட்டைப் பற்றவைத்து வெற்றிலையின் மேல் வைத்தார்.

ஞானமலர் வழமை போலச் சற்றுத் தள்ளி வரம்பில் நின்றாள். டிலுசா வடைக்காகக் காத்து நின்றாள். நல்ல காற்று. சுருட்டு நின்று எரிந்தது. சாம்பல் விரல் நீளத்துக்கு வளர்ந்து, மடிந்து, வெற்றிலையில் விழுந்தது. தவராசா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அப்போது ஞானமலர் அந்த நெருப்பைப் பார்த்தாள். அது பசை வைத்த நுனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்து எறிய அங்கே யாரும் இல்லை. படைத்த சுருட்டை யார் தொடுவார்கள்?

மனிதர்களை எல்லாம் இருவருமாக யோசித்திருந்தார்கள். அடிக்கட்டையை எறியாத ஒருவர் இருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவள் அன்னபாக்கியத்தைப் பார்த்தாள். அன்னபாக்கியமும் சுருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆரின்ர மயிரடா பொசுங்குது?" என்று யாரோ கேட்க, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். மணம் கூடியது. சிரிப்பு நின்றது. தவராசா கண்ணைத் திறந்து மூக்கை உறிஞ்சினார். குனிந்தார். எரிந்து முடியாமல் கிடந்த கடைசித் துண்டை எடுத்து விரலால் உரசி முகர்ந்து பார்த்தவர், "சீ!" என்று அதை வாய்க்காலுக்குள் எறிந்தார்.

"இது பிசின் இல்லை. மச்சம். எலும்போ தோலோ ஏதோ மச்சம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றார் கனகலிங்கத்தார். "எங்கட வீட்டுச் சுருட்டு அது."

எல்லாரும் அன்னபாக்கியத்தின் பக்கம் திரும்பினார்கள். ஞானமலரும் திரும்பினாள். அக்கா ஏதாவது சொல்லுவாள். தெரியாது என்றாவது சொல்லுவாள். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். அதுவும் போதும்.

அன்னபாக்கியம் வரம்பைப் பார்த்துத் திரும்பினாள். "மலர், நீர் என்ன போட்டனீர்?" என்று கேட்டாள்.

கேட்ட குரலில் திகைப்பு இருந்தது. அது நடிப்புப் போலவும் இல்லை. உண்மையாகவே இப்போதுதான் கேள்விப்படுகிறவளைப் போல, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஞானமலர் ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தாள். பயத்தில் வந்த சொல்தான், அடுத்த சொல்லில் அக்கா அதை மாற்றிவிடுவாள் என்று நம்பினாள். அன்னபாக்கியத்தின் அடுத்த சொல்லும் வந்தது.

"நான் விளாம்பிசின் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"மீன் பசை" என்றாள் ஞானமலர். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

கனகலிங்கத்தார் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். மெதுவாக இறங்கி வாய்க்காலுக்குப் போனார். குந்தியிருந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி வாயைக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடியும் அள்ளினார். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தார். ஊர் முழுக்க நின்று பார்க்க, அந்த மனிதர் இரண்டு மாதத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஞானமலருக்குக் கண் கலங்கியது அப்போதுதான். ஏமாந்தது நானும் இவரும்தான், இவரும் என்னைத்தான் குற்றவாளியாகப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"கரைச்சனத்துக்குக் காணியும் குடுத்து, இலையையும் குடுத்தால்" என்று பின்னால் ஒரு குரல் தொடங்கியது. "வைரவருக்கே மீன் தீத்திப்போட்டாள்" என்றது இன்னொரு குரல். டிலுசாவின் கையில் யாரும் வடை வைக்கவில்லை. ஞானமலர் மகளைக் கூட்டிக்கொண்டு வரம்பு வழியே நடந்தாள்.

அடுத்த நாள் தவராசா தன் கடையில் இருந்த சுருட்டையெல்லாம் சாக்கில் கட்டி, கொட்டில் வாசலில் போட்டுவிட்டுப் போனார். கிணற்றடியில் பெண்கள் அவள் வாளியை வைத்ததும் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள். அவளுக்கு அவை எதுவும் பெரிதாகப் படவில்லை. படலைப் பக்கமே காதாக இருந்தாள். அக்கா வருவாள். வந்து, மலர், பயத்தில சொல்லிப்போட்டன், அவரிட்ட உண்மையைச் சொல்லிட்டன் என்பாள். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு மனிதருக்குச் சொன்னால் காணும். தலையை நிமிர்த்திக்கொண்டு இந்தக் காணியில் இருந்துவிடலாம்.

மூன்றாம் நாள் ஸ்ரனிஸ்லஸ் வந்தான். கதை புதுக்குடியிருப்புச் சந்தையிலேயே அவனுக்கு எட்டியிருந்தது.

"அந்த மனிசி பக்கத்தில இருந்து விரலை விட்டுக் கிண்டினதெண்டு நீதானே சொன்னனீ? போய்க் கேக்கிறன் நான்."

"சத்தம் போடாதேங்கோ. அக்கா வருவா."

"வருவா, வருவா. தேரில வருவா. வடம் பிடிக்கப் போ."

"எனக்கு அவாவைத் தெரியும். பொறுங்கோ."

சொல்லும்போதே, எனக்கு அவாவைத் தெரியும் என்ற சொல் வாய்க்குள் ஒருமாதிரிக் கிடந்தது. அந்த மூன்று நாளும் அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்தக் கேள்வியைத்தான். பயந்தவள் தடுமாறுவாள். அன்னபாக்கியம் தடுமாறவே இல்லை. சொல் எங்கோ ஆயத்தமாக இருந்தது போல வந்தது. பசையைத் தொட்ட அன்றைக்கே அது உள்ளே இருந்ததா? படலையில் வாரும் பிள்ளை என்ற அன்றைக்கேவா? அப்படியென்றால் கையை முகர்ந்து பார்த்தது எதற்கு? ஒவ்வொரு நல்ல நாளாகப் பின்னால் போய்த் தொட்டுப் பார்த்தாள். தொட்ட நாளெல்லாம் கறுத்துப் போயிற்று.

நாலாம் நாள் விடிய, கனகலிங்கத்தார் புகையிலைக் கொட்டிலுக்குப் போன பிறகு, அன்னபாக்கியம் வந்தாள். ஒரு கையில் இலைக்கட்டு. மறுகையில் ஒரு சுண்டு கோதுமை மா.

ஸ்ரனிஸ்லஸ் எழுந்து வெளியே போனான். அன்னபாக்கியம் வழமையான இடத்தில் குந்தினாள்.

"மெலிஞ்சு போனீர் மலர்."

ஞானமலர் அந்தச் சுண்டு மாவைப் பார்த்தாள்.

"என்னில கோவமெண்டு தெரியும். நான் என்ன செய்யிறது? அவ்வளவு சனம். அந்த மனிசன்ர குணம் உமக்குத் தெரியாதே? நான்தான் எண்டு தெரிஞ்சால் என்ர கையால பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்காது. நீர் எண்டால் உம்மட ஆக்களிட்டப் போகலாம். எனக்கு இந்தக் குசினியை விட்டால் எங்க போக்கிடம்?" அவள் மாவை முன்னால் நகர்த்தினாள். "இனி மாப்பசையிலயே சுத்துவம். இப்ப வெயிலும் வந்திட்டுது. நான் ஒட்டுசுட்டானுக்கு ஆள் மூலம் குடுத்துவிடுறன். உம்மட பேர் வெளியில வராது. நானே சுத்தினதெண்டு சொல்லுவன். எங்களுக்குள்ள எல்லாம் பழைய மாதிரித்தான்."

அவள் மனதாரத்தான் சொல்கிறாள் என்பது ஞானமலருக்கு விளங்கியது. உதவி செய்ய வந்திருக்கிறாள். அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது.

"அக்கா, என்னட்ட ஏன் கேட்டனீங்கள்?"

"என்னத்தை?"

"நீர் என்ன போட்டனீர் எண்டு. தெரிஞ்சுகொண்டு ஏன் கேட்டனீங்கள்?"

"எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டவை. ஏதாவது சொல்லத்தானே வேணும்."

"பேசாமல் நிண்டிருக்கலாம்."

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"ஒண்டு செய்யுங்கோ" என்றாள் ஞானமலர். "ஊருக்கு வேண்டாம். அண்ணைக்கு மட்டும் சொல்லுங்கோ. ரெண்டு பேருமாச் செய்தது எண்டு அவருக்கு மட்டும். நான் பேந்து உங்களிட்ட ஒண்டும் கேக்கமாட்டன்."

வெளியே டிலுசா கோழியை விரட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அன்னபாக்கியம் இலைக்கட்டைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"அது ஏலாது மலர்" என்றாள்.

அவள் போன பிறகு ஞானமலர் எழுந்து முகத்தைக் கழுவினாள். அக்கா சொல்லாவிட்டால் நான் சொல்லலாம். எனக்கு வாய் இல்லையா? நம்புகிறாரோ இல்லையோ, அவர் காதில் போட்டுவிட்டுப் போகலாம். தன்னை ஏமாற்றியது யார் என்று ஒரு மனிதருக்குத் தெரியவேண்டாமா?

புகையிலைக் கொட்டிலில் கனகலிங்கத்தார் தொங்கிய இலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். பீடியும் இல்லை, சுருட்டும் இல்லை. அந்த வெள்ளிக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"வாரும் பிள்ளை. நானே வரவேணும் எண்டு இருந்தனான். உங்களை எழும்பச் சொல்லி ரெண்டு பேர் வந்து கதைச்சவை. நான் முடியாதெண்டிட்டன். அன்னமும் அழுதவா, பிள்ளைக்குட்டியோட எங்க போகுங்கள் எண்டு. நீங்கள் இருங்கோ."

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். அந்தப் பசை…"

"தெரியும்" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக் கண்டால் மீன் சட்டியை மூடுற பிள்ளை நீர். அன்னத்தைக் கேக்காமல் உம்மட கை அப்பிடி ஒண்டைச் செய்திருக்காது. அது அண்டைக்கு வாய்க்காலில வாய் கழுவேக்கையே எனக்கு விளங்கிட்டுது." ஒரு இலையின் நரம்பைத் தடவினார். கோபமோ வருத்தமோ அந்த முகத்தில் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"அப்ப ஏன் அண்ணை நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? முப்பத்திரண்டு வரியமா அவாவின்ர கையாலதான் சாப்பிடுறன். இனியும் சாப்பிடவேணும். ஊருக்கு ஆரோ ஒராள் செய்ததா இருக்கத்தானே வேணும் பிள்ளை. உம்மை எண்டால்…"

அவர் அதை முடிக்கவில்லை. நல்ல மனிதர். முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஞானமலர்தான் முடித்துக்கொண்டாள். உம்மை எண்டால் விட்டிட்டும் நாங்கள் இருந்திடுவம்.

நாலு நாளாக அவள் அந்த மனிதருக்காகவும் சேர்த்து அழுதிருந்தாள். ஏமாந்தவர்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தாள். ஒராள்தான்.

"இருக்கிறீங்கள்தானே?" என்று கனிவாகக் கேட்டார்.

"இல்லை அண்ணை. இண்டைக்கே எழும்புறம்."

"ஏன் பிள்ளை? ஒருத்தரும் உங்களைப் போகச் சொல்லேல்லையே."

"ஓம். ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள்.

ஸ்ரனிஸ்லஸ் ஏன் என்று கேட்கவில்லை. கூரைப் படங்கை அவிழ்த்து மடித்தான். சட்டி பானையைச் சாக்கில் போட்டு சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினான். முள்ளிவாய்க்காலில் சம்மாட்டியாரின் மீன்வாடியில் ஒதுங்கலாம், பேந்து பார்ப்பம் என்றான். தவராசா போட்டுவிட்டுப் போன சுருட்டுச் சாக்கைக் காட்டி, "இதை என்ன செய்யிறது? அங்க பெடியள் மீன் எண்டாலும் குடிப்பாங்கள்" என்றான். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "கொண்டுவாங்கோ, என்ர கை சுத்தினதுதானே" என்றாள். இலைக்கட்டும் மாவும் அன்னபாக்கியம் வைத்த இடத்திலேயே கிடந்தன. அவற்றை அவள் தொடவில்லை.

வெயில் ஏறிவிட்டது. டிலுசாவைச் சைக்கிள் பாரில் ஏற்றி, ஸ்ரனிஸ்லஸ் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். ஞானமலர் உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைத் தாண்டி நடந்தாள். குசினிக் கதவு திறந்திருந்தது.

"மலர்" என்று உள்ளேயிருந்து அந்தக் குரல் கூப்பிட்டது. அழுத குரல். "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம். நல்ல வெயில்."

"ஓம் அக்கா" என்று அவளுடைய வாய் சொல்லிவிட்டது.

காலும் நின்றுவிட்டது. ஒன்றரை வருடப் பழக்கம், மனதைக் கேட்காமல் திரும்பிப் பார்க்கவும் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடுங்கி வைத்து நடந்தாள். படலையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, ஒட்டுசுட்டான் வீதியில் ஏறும்வரை திரும்பவில்லை.

அன்னபாக்கியம் கேட்ட கேள்வியையும் கனகலிங்கத்தார் முடிக்காமல் விட்ட சொல்லையும் வழியில் எங்கேயாவது இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. தன்னைக் கேட்காமல் தன் வாயே சொன்ன அந்த "ஓம் அக்கா"வைத்தான், அன்று முழுவதும் நடந்தும், அவளால் பொறுக்க முடியவில்லை.